கட்டில் காலி இருக்கிறதா?

"நூறு பேருக்கு நோய் வந்தால் எண்பது பேர் கஞ்சியும் கஷாயமும் குடித்து வீட்டிலேயே எழுந்து விட்டார்கள். அதற்குப் போய் கடையை மூடு, முகத்தை மூடு என்று படுத்தினார்களே, மாமா! இது நியாயமா?"

"மீதி இருபது பேர் எங்கே போனார்கள், மாப்பிள்ளை?"

"ஆஸ்பத்திரிக்கு."

"எந்த ஆஸ்பத்திரிக்கு?"

இந்த இடத்தில் பேச்சு சற்று நின்று போகும். டீ ஆறிப் போகும்.

கொரோனா வந்து போய் ஆண்டுகள் ஓடி விட்டன. ஆனாலும் பெரம்பலூர், அரியலூர் பக்கத்து டீக்கடைகளில் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. பூலாம்பாடி போன்ற ஊரில், மாமா கேட்கும் அந்தக் கடைசிக் கேள்விக்குக் கனம் அதிகம்.

ஏன் தெரியுமா?

பூலாம்பாடி, வேப்பந்தட்டை தாலுகாவில் உள்ள ஒரு பேரூராட்சி. பச்சைமலைக்குப் பக்கத்து ஊர். சுற்றிலும் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் விளையும் பூமி. மலேசியா, சிங்கப்பூர் என்று கடல் கடந்து போய்ச் சம்பாதித்தவர்கள் நிறைந்த ஊர். ஊரில் பெரிய வீடுகள் உண்டு. ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்கு பெரம்பலூர் போக வேண்டும். சுமார் 30 கிலோ மீட்டர். அங்கே முடியாது என்று சொல்லி விட்டால் திருச்சி. அது இன்னும் 60 கிலோ மீட்டர்.

2020-ம் ஆண்டில் பெரம்பலூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. அரியலூரிலும் இல்லை. மூச்சுத் திணறியவர்களை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் வண்டிகள் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடின. திருச்சிக்காரர்களும் அங்கேதான் வந்தார்கள்.

ஆக, கேள்வி "நோய் வந்தால் பிழைப்போமா?" என்பதோடு நிற்கவில்லை. "நாம் போய்ச் சேரும்போது கட்டில் காலி இருக்குமா?" என்பதே பெரிய கேள்வி.

லாரி ஏறி வந்த நோய்

2020 மார்ச் 24-ந் தேதி மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. மறுநாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ரெயில் நின்றது. பஸ் நின்றது. ஆனால் மனிதன் சாப்பிட வேண்டுமே! சென்னை கோயம்பேடு காய்கறி மார்க்கெட் மட்டும் நிற்கவில்லை.

கோயம்பேடு சாதாரண மார்க்கெட் அல்ல. 1996-ல் திறக்கப்பட்டது. 295 ஏக்கர் பரப்பு. 3 ஆயிரத்துக்கும் அதிகமான கடைகள். அங்கே மூட்டை தூக்கியவர்களில் அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம் பக்கத்து ஆட்கள் ஏராளம். மானாவாரி நிலம் கைவிட்டால் சென்னைக்குப் போவார்கள். இரவெல்லாம் சுமை தூக்குவார்கள். கூலியை மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்புவார்கள்.

ஏப்ரல் கடைசியில் மார்க்கெட்டுக்குள் நோய் பரவியது வெளியே தெரிந்தது. மே 5-ந் தேதி மார்க்கெட் மூடப்பட்டது. வேலை இல்லை என்றால் சென்னையில் என்ன வேலை? ஆட்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். பஸ் இல்லாத காலம். காய்கறி இறக்கி விட்டுத் திரும்பிய லாரிகளில் ஏறி வந்தவர்கள் உண்டு. மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் உண்டு.

மே 6-ந் தேதி மாலை அரசு வெளியிட்ட கணக்கைப் பார்த்து எல்லோரும் திடுக்கிட்டார்கள். தமிழ்நாடு முழுவதும் அன்று புதிதாக 771 பேருக்கு நோய். சென்னையில் 324. அடுத்த இடம் எது? மதுரையா? கோவையா? இல்லை. அரியலூர்!

ஒரே நாளில் 188 பேர்!

சிமெண்டு ஆலைக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் பேர் போன அரியலூர், அன்று ஒரு நாள் இந்தக் கணக்குக்காகப் பத்திரிகைகளில் தலைப்பாக வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆட்களில் பெரும்பாலோருக்கு இருமல் இல்லை. காய்ச்சல் இல்லை. கல்லைத் தூக்கிப் போடும் உடம்புக்காரர்கள். "எனக்கு என்ன வந்தது?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஊருக்கு வந்தவர்களைத் தேடிப் பிடித்து, பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் தங்க வைத்து, சோதனை செய்ததால்தான் நோய் தெரிந்தது.

தேடாமல் விட்டிருந்தால்? அவரவர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அம்மா மடியில் தலை வைத்திருப்பார்கள். அந்த அம்மாவுக்கு 65 வயது, சர்க்கரை வியாதி. பதினைந்து நாள் கழித்து திருச்சியில் கட்டில் தேட வேண்டியவர் அந்த அம்மாதான்.

உடம்பில் தெம்பு உள்ளவர்களைக் கல்லூரியில் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் நோய் முற்றியவர்களுக்கு மிஞ்சியது. அரியலூர் பட்ட பாட்டில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

"கோயம்பேட்டுக்காரன் கொண்டு வந்து விட்டான்" என்று அப்போது ஊர் ஊராகப் பேசினார்கள். அந்தப் பேச்சு நல்ல பேச்சு அல்ல. ஊரடங்கில் சென்னைக்காரன் இலையில் கத்தரிக்காயும் தக்காளியும் விழுந்தது யார் தோளால்?

பக்கத்து ஊரான அரும்பாவூரின் மரச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே 2020 மே மாதம்தான். ஊரே கூடிக் கொண்டாட வேண்டிய செய்தி. கூடத்தான் முடியவில்லை!

ஒரு சின்னக் கணக்கு

மாப்பிள்ளை சொன்ன "நூற்றுக்கு எண்பது" தப்பு அல்ல. நோய் புதிதாக வந்த 2020-ம் ஆண்டுத் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கும் ஏறக்குறைய அதுதான். தடுப்பூசி இல்லாத காலத்துக் கணக்கு. நூற்றுக்கு 80 பேருக்கு லேசான நோய். 15 பேருக்குக் கடுமை, ஆக்சிஜன் வேண்டும். 5 பேருக்கு உயிர் ஊசலாடும்.

இதை ஒரு ஊருக்குப் போட்டுப் பார்ப்போம். 10 ஆயிரம் பேர் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆயிரம் பேருக்கு நோய். ஒரே மாதத்தில் வந்தால் 150 பேர் ஆக்சிஜன் கேட்பார்கள். 50 பேர் தீவிர சிகிச்சை கேட்பார்கள். ஒரே ஊரில் இருந்து! பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு ஊரா இருக்கிறது? 2011 கணக்குப்படி 5 லட்சத்து 65 ஆயிரம் பேர் அந்த மாவட்டத்தில்.

அதே ஆயிரம் பேருக்குப் பத்து மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால்? மாதம் 15 பேருக்கு ஆக்சிஜன். 5 பேருக்குத் தீவிர சிகிச்சை. டாக்டரும் நர்சும் சமாளித்து விடலாம்.

நோயாளிகள் அதே ஆயிரம் பேர்தான். ஆனால் முதல் வகையில் கட்டில் கிடைக்காமலே பலர் இறப்பார்கள். மாரடைப்பு வந்தவருக்கும் இடம் இராது. பாம்பு கடித்தவருக்கும் இடம் இராது. பிரசவத்துக்குப் போகிற பெண்ணும் வாசலில் காத்திருக்க வேண்டும். கொரோனாவே வராதவரும் கொரோனாவால் சாகலாம் என்பது இப்படித்தான்.

ஏரி நிரம்பும்போது மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால் வயல் பிழைக்கும். கரை உடைந்தால் அதே தண்ணீர்தான் ஊரை அழிக்கும். இது பூலாம்பாடி விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டிய பாடம் அல்ல.

கப்பலில் வந்த காய்ச்சல்

இப்படி ஒரு நோய் வெளிநாட்டில் இருந்து வருவது தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல.

1918-ல் முதல் உலகப் போர் முடிகிற நேரம். பம்பாய்த் துறைமுகம் வழியாக இன்புளூயன்சா ஜுரம் உள்ளே வந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமானோர் மாண்டார்கள்.

அடுத்தது 1957. இதில் பூலாம்பாடி போன்ற ஊர்களுக்கு ஒரு சொந்தம் உண்டு. அந்த ஆண்டு தொடக்கத்தில் சீனாவில் ஒரு புதிய புளூ காய்ச்சல் கிளம்பியது. ஹாங்காங், சிங்கப்பூர் என்று பரவியது. மே மாதம் சிங்கப்பூரில் இருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலில் பயணிகளும் சிப்பந்திகளும் காய்ச்சலோடு இறங்கினார்கள். அங்கிருந்து நாடு முழுவதும் பரவியது. 1958 பிப்ரவரி வரை அரசுக் கணக்கில் பதிவானவர்கள் மட்டும் 44 லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் 1,098 பேர். நோயின் கிருமியை ஆராயும் வேலை நம் குன்னூர் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்தது.

ரஜுலா, ஸ்டேட் ஆப் மெட்ராஸ் என்ற கப்பல்களில் மலேயா போய் வந்த கதையை எத்தனையோ தாத்தாக்கள் சொல்லியிருப்பார்கள். சிங்கப்பூரில் ஏறினால் சென்னை வந்து சேர ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்தில் ஒரு நன்மை இருந்தது. புளூ கிருமி உடம்பில் புகுந்தால் ஓரிரு நாளில், அதிகம் போனால் நாலு நாளில் காய்ச்சல் காட்டி விடும். ஆகவே கப்பல் கரை சேரும் முன்பே யாருக்கு நோய் என்று தெரிந்து விடும்.

ஆகாய விமானம் அப்படியா? கோலாலம்பூரில் ஏறினால் நாலு மணி நேரத்தில் திருச்சி. கொரோனாவோ உடம்பில் புகுந்து, அறிகுறி காட்டப் பதினாலு நாள் வரை கூட ஆகலாம். அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே பிறருக்குப் பரவவும் செய்யும். விமானத்தில் இறங்கி, வீட்டில் விருந்து சாப்பிட்டு, கோயிலுக்கும் போய் வந்த பிறகுதான் இருமல் வரும்!

2020 மார்ச் 18-ந் தேதி மலேசியாவில் நடமாட்டத் தடை வந்தது. சிங்கப்பூரில் தொழிலாளர்கள் தங்கிய விடுதிகளில் நோய் தீயாகப் பரவியது. அங்கே சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் தொழிலாளர்கள். தமிழர்கள் ஏராளம். ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் படுத்தால் எட்டி நிற்பது எப்படி? அந்த மே மாதம் கோலாலம்பூரில் இருந்து திருச்சிக்கு வந்த மீட்பு விமானத்தில் வந்தவர்களை நேரே வீட்டுக்கு விடவில்லை. தனிமையில் வைத்துச் சோதித்தே அனுப்பினார்கள். வாசலில் காத்து நின்ற தாய்மாருக்கு அது கொடுமைதான். ஆனால் முன்பு கப்பல் செய்த வேலையை அந்தத் தனிமை செய்தது.

முகக்கவசம் பட்ட பாடு

"முதலில் முகக்கவசம் வேண்டாம் என்றவர்களும் அவர்கள்தான்; அப்புறம் போடு என்றவர்களும் அவர்கள்தான். எதை நம்புவது?"

மாப்பிள்ளை கட்சியின் பலமான வாதம் இது. உண்மையும் இருக்கிறது. தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம், நோய் இல்லாத பொதுமக்கள் எல்லோரும் முகக்கவசம் அணிய வேண்டும் என்று சொல்லவில்லை. 2020 ஜூன் 5-ந் தேதிதான், நோய் பரவும் இடங்களில் எட்டி நிற்க முடியாவிட்டால் பொதுமக்களும் துணிக் கவசம் அணியலாம் என்று மாற்றிச் சொன்னது. அதற்குள் பல நாடுகள் முந்திக்கொண்டு விட்டன.

கதவுக் கைப்பிடியையும் காய்கறியையும் கழுவிக் கழுவி மாய்ந்ததும் அப்போதுதான். நோய் பெரும்பாலும் மூச்சுக் காற்றில்தான் பரவுகிறது. அடைத்த அறை ஆபத்து, திறந்த வெளி மேல் என்பது பிறகு தெளிவாயிற்று.

புதிய நோய் என்றால் டாக்டர்களும் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நேற்றுச் சொன்னது தப்பு என்று இன்று சொல்கிறவன் பொய்யன் அல்ல. ஆனால் "மாற்றிச் சொல்கிறோம்; காரணம் இது" என்று மக்களுக்குப் புரிகிற மொழியில் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. அபராதம்தான் முந்திக்கொண்டு வந்தது! 2020 செப்டம்பரில் தமிழ்நாட்டில் முகக்கவசம் இல்லை என்றால் 200 ரூபாய், பொது இடத்தில் துப்பினால் 500 ரூபாய். இதற்குத் திருத்தப்பட்டது 1939-ம் ஆண்டு சென்னை மாகாணத்தில் வந்த பொது சுகாதாரச் சட்டம்.

ஊரடங்கைப் பற்றியும் மாப்பிள்ளைக்குக் கோபம் உண்டு. அன்றாடக் கூலிக்காரன் அடுப்பு அணைந்தது. விளைந்த காய் வயலிலேயே வாடியது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தையே மறந்தார்கள். இந்தக் கோபத்தைத் தப்பு என்று ஒதுக்க முடியாது. எத்தனை நாள் மூடியிருக்க வேண்டும், எதை மூடியிருக்க வேண்டும் என்பதில் படித்தவர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள்.

ஆனால் ஊரடங்கு வேறு. ஒருவர் தாமே எடுக்கும் முன்னெச்சரிக்கை வேறு. இருமுகிறவர் முகத்தை மூடுவதால் யார் கூலியும் போகாது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வீசியதால்தான் நல்லதும் சேர்ந்து குப்பையில் போயிற்று.

2021 மே மாதம்

கட்டில் காலி இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்பதைத் தமிழ்நாடு கண்ணால் பார்த்தது.

2021 மே 10-ந் தேதி மறுபடியும் முழு ஊரடங்கு. மே 21-ந் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்கு நோய். ஓர் ஆண்டுக்கு முன்பு 771 என்றதும் நடுங்கிய அதே தமிழ்நாடு!

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ் வண்டிகள் வரிசையாக நின்றன. உள்ளே கட்டில் இல்லை. வண்டிக்குள்ளேயே ஆக்சிஜன் வைத்துக்கொண்டு நோயாளிகள் காத்துக் கிடந்தார்கள். வாசலிலேயே முதல் சிகிச்சை கொடுக்க "ஜீரோ டிலே வார்டு" என்று தனி வார்டுகள் திறக்க வேண்டி வந்தது.

ஆக்சிஜன் என்னும் பிராண வாயு காற்றில் நூற்றுக்கு 21 பங்கு இருக்கிறது. சும்மா கிடைக்கிறது. ஆனால் கெட்டுப் போன நுரையீரலுக்கு அது போதாது. பெரிய சிலிண்டர் ஒன்றில் சுமார் 7 ஆயிரம் லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிஷத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் ஒரு நோயாளிக்கு 12 மணி நேரம் கூட வராது. நோய் முற்றி நிமிஷத்துக்கு 60 லிட்டர் தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்து விடும். ஒரு வார்டில் முப்பது பேர் என்றால் எத்தனை சிலிண்டர்? யார் உருட்டி வருவது? எங்கிருந்து வருவது? மூடிக் கிடந்த தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையில் ஆக்சிஜன் மட்டும் தயாரிக்க சுப்ரீம் கோர்ட்டு அனுமதி கொடுத்தது என்றால் அந்த நெருக்கடியை யோசித்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் கொரோனாவால் இறந்தவர்கள் அரசுக் கணக்குப்படி 38 ஆயிரத்துக்கும் மேல். இதில் கட்டில் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக் கூடியவர்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கை எந்தப் பதிவேடும் சொல்லாது.

வீட்டில் பேசி வைக்க வேண்டியது

2022 ஜனவரி 12-ந் தேதி அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி திறந்து வைக்கப்பட்டது. இரண்டு மாவட்டத்து மக்களுக்கும் பெரிய ஆறுதல். ஆனாலும் பூலாம்பாடிக்கும் பெரம்பலூருக்கும் உள்ள தூரம் குறையவில்லை.

2023 மே 5-ந் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசர நிலை முடிந்தது என்று அறிவித்தது. கோயம்பேடு மூடப்பட்ட அதே மே 5-ந் தேதி. சரியாக 3 ஆண்டு கழித்து. நோய் அழியவில்லை. தடுப்பூசியாலும், ஒரு முறை வந்து போனதாலும் மக்கள் உடம்பு பழகிக்கொண்டது.

அடுத்தது எப்போது வரும்? எந்த ஜோசியரும் சொல்ல முடியாது. 1918, 1957, 1968, 2009, 2020 என்று வந்திருக்கிறது. இடைவெளி ஒழுங்காக இல்லை. கொரோனா மாதிரியேதான் வரும் என்பதும் இல்லை. ஆனால் மூச்சு வழியாக வருகிற நோய் எதுவானாலும் வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு.

காய்ச்சலும் இருமலும் வந்தவர் கல்யாணத்துக்குப் போகக் கூடாது. "மொய் எழுதாவிட்டால் கோபித்துக்கொள்வார்களே!" என்கிறார்கள். மொய்யை யாரிடமாவது கொடுத்து அனுப்பலாம். இருமலைக் கொடுத்து அனுப்ப வேண்டாம்! துக்க வீட்டுக்கும் இதே விதிதான். அது இன்னும் கஷ்டம். அடைத்த வீட்டில் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழும் இடம் அது.

நோயாளியும் அவரைப் பார்த்துக்கொள்பவரும் முகக்கவசம் அணிய வேண்டும். மூக்கு மூட வேண்டும். தாடைக்குப் போடுவது கவசம் அல்ல. கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். காற்று ஆகாது என்று ஜுரக்காரர் அறையை அடைப்பது நம் வழக்கம். மற்றவர்களுக்கு நோய் ஏற இதைவிட நல்ல வழி இல்லை.

கபசுரக் குடிநீர் குடிக்கிறவர்கள் குடிக்கட்டும். அது முகக்கவசத்துக்கும் தடுப்பூசிக்கும் பதில் ஆகாது.

விரலில் மாட்டும் ஆக்சி மீட்டர் கருவி கொரோனா காலத்தில் பல வீடுகளுக்கு வந்தது. பீரோ மூலையில் கிடந்தால் பேட்டரி மாற்றி வையுங்கள். கொரோனாவில் ஒரு விசித்திரம்: ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்த பிறகும் நோயாளி சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். "நல்லாத்தானே இருக்கார்" என்று விட்டு விடுவார்கள். கருவியில் 94-க்குக் கீழே காட்டினால் விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. 108-க்குப் போன் செய்து கிளம்ப வேண்டும். பூலாம்பாடிக்காரருக்கு இன்னும் அவசரம். வழியிலேயே நேரம் போய் விடும்.

யாரைக் காப்பது முதல் வேலை? வயதானவர்கள், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இருதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள். தடுப்பூசி வந்தால் அவர்களை முதலில் கூட்டிப் போக வேண்டும். 2021 ஜனவரி 16-ந் தேதி தடுப்பூசி தொடங்கியபோது பயந்து ஒதுங்கியவர்கள் பலர். மே மாதம் வந்ததும் அவர்களே வரிசையில் நின்றார்கள். அப்போது மருந்து தட்டுப்பாடு!

டீக்கடையில் மாப்பிள்ளை இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

"சரி மாமா. ஊரடங்கை விடுங்கள். மறுபடியும் ஒன்று வந்தால் எங்கள் வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்? அதைச் சொல்லுங்கள்."

"மாட்டுக் கொட்டகைப் பக்கத்தில் ஒரு அறை இருக்கிறதே, அதில் என்ன வைத்திருக்கிறாய்?"

"மக்காச்சோள மூட்டை."

"அதைக் காலி பண்ணு. உன் வீட்டில் இரண்டு பக்கமும் ஜன்னல் இருக்கிற அறை அது ஒன்றுதான்."